டிஸ்க்கைப் பெரிதாக்குவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பிளஸ் டூ வந்துவிட்டாள், வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். விஎம்வேரில் ஓடும் வி.எம்., அதாவது மெய்நிகர் சர்வர் ஒன்றின் 500 ஜி.பி. டிஸ்க்கை 800 ஆக்கப் போனால் விஎம்வேர் விடமாட்டேன் என்கிறது, அதை வேறு சைட்டுக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்கும் ரெப்ளிகேஷனை நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்பட்டு நிறுத்திவிடாதே. அந்த நகலெடுப்பைச் செய்யும் விஎம்வேரின் விஸ்பியர் ரெப்ளிகேஷன் 8.3 வந்தது 2020இல். அதிலிருந்துதான் மூல டிஸ்க்கைப் பெரிதாக்கினால் டி.ஆர். பக்கத்து டிஸ்க்கும், அதாவது மூல சைட் விழுந்தால் கைகொடுக்கும் மாற்று சைட்டில் இருக்கும் நகலும், தானாகப் பெரிதாகும். உன்னுடையது அதற்கு முந்தைய பதிப்பு. அதில் நிறுத்து என்று கொடுத்தால், அதுவே உருவாக்கிய நகலையும் அங்கே அழித்துவிடும். உன் 20 எம்பிபிஎஸ் லிங்க்கில் 500 ஜி.பி.யை மறுபடி அனுப்பக் கணக்குப் போட்டுப் பார்: வேறு எதற்கும் லிங்க்கைத் தராவிட்டால்கூட 55 மணி நேரத்துக்கு மேல்.

அதனால் அந்த நகலைக் காப்பாற்றிக்கொள். டி.ஆர். சைட்டில் ரெகவரி கொடு. கடைசியாக வந்து சேர்ந்த டேட்டா போதும் என்று தேர்ந்தெடுத்தால் மூல வி.எம்.மை அணைக்க வேண்டியதில்லை. மீட்ட வி.எம்.மை ஆன் செய்யாதே. முந்தைய நேரங்களின் நிலைகள் ஸ்னாப்ஷாட்டாக, அதாவது சேமித்த பதிவுகளாக, ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் முதலில் அவற்றை நீக்கு. ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை டிஸ்க் அளவை மாற்ற முடியாது. மீட்பு முடிந்துவிட்டதால் இப்போது பழைய ரெப்ளிகேஷனை நிறுத்தலாம். பிறகு இரண்டு பக்கமும் 800 ஆக்கு, அளவு துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். டி.ஆர். பக்கத்து வி.எம்.மை இன்வென்ட்டரி என்ற பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துவிடு, டிஸ்க் அங்கேயே இருக்கட்டும். மெனுவில் ‘ரிமூவ் ஃப்ரம் இன்வென்ட்டரி’யும் ‘டெலீட் ஃப்ரம் டிஸ்க்’கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தில் யாரோடும் பேசிக்கொண்டிருக்காதே. அப்புறம் ரெப்ளிகேஷனை மறுபடி அமைக்கும்போது அந்த டிஸ்க்கையே சீடாக, அதாவது தொடக்க நகலாகக் காட்டு. இரு பக்கமும் டிஸ்க்கைப் படித்து செக்சம் என்ற சரிபார்ப்பு எண்களை ஒப்பிடும், மாறிய பிளாக்குகள் மட்டும்தான் லிங்க்கில் போகும்.

நான் கவலைப்படுவது இந்த வேலையைப் பற்றி அல்ல, இடையில் வரும் அந்த நேரத்தைப் பற்றி. ஃபுல் சின்க், அதாவது இந்த முழு ஒப்பீடு முடியும்வரை உனக்கு டி.ஆர். கிடையாது என்றே வைத்துக்கொள். பாதி எழுதிய டிஸ்க்கிலிருந்து எதையும் மீட்க முடியாது. ஆகவே தொடங்குவதற்கு முன் முழு பேக்கப் ஒன்று தனி இடத்தில் இருக்கட்டும், அதைத் திறந்தும் பார்த்துவிடு. மாதக் கடைசியில் தொடவே தொடாதே. மேலிடத்துக்கு இத்தனை மணி நேரம் பாதுகாப்பு இல்லை என்று எழுத்தில் தெரிவித்துவிடு. பலரும் இதைச் சொல்லாமலே செய்கிறார்கள், அது எனக்குப் பிடிப்பதே இல்லை. அந்தச் சர்வரை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் உள்ளே சி டிரைவை நீட்டப் போகும்போது ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாகத் தெரிந்தால், சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நகர்த்தினால்தான் வழி. 800 போதுமா என்பதையும் இப்போதே யோசி. விஸ்பியரில் டிஸ்க்கைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

ஸ்டேட்டஸ் ஓகே என்று பச்சையாக வந்ததும் விட்டுவிடாதே. எஸ்.ஆர்.எம். என்ற விஎம்வேரின் சைட் ரெகவரி மேனேஜர் இருந்தால் தனி நெட்வொர்க்கில் டெஸ்ட் ரெகவரி ஓட்டி, லாகின் செய்து, உள்ளே 800 தெரிகிறதா, டேட்டாபேஸ் எழும்புகிறதா என்று பார்.

எந்த சனிக்கிழமை செய்யப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல். அன்று ராத்திரி போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்