வழிகாட்டி நாயை வாசலில் தடுத்த உங்கள் கிளை பற்றிய புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்: தலைமை மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பேரங்காடித் தலைமை அலுவலகம்.

பொருள்: வளர்ப்பு நாயைச் சேவை நாய் என்று உள்ளே விட்டதும், அதன் விளைவாக என் வழிகாட்டி நாய்க்குத் தடை விதித்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். நான் பார்வையற்றவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வழிகாட்டி நாயின் துணையோடு உங்கள் சாட்ஸ்வொர்த் கிளையில் பல ஆண்டுகளாகப் பொருள் வாங்கி வருகிறேன். சேவை நாய், அதாவது மாற்றுத்திறனாளிக்கு உதவப் பயிற்சி பெற்ற நாய், என்று பொய் சொல்லி அழைத்து வரப்பட்ட ஒரு வளர்ப்பு நாய் அங்கே என் நாயைக் கடித்தது. அதைப் பற்றி எதையும் விசாரிக்காத உங்கள் கிளை, பின்னர் எல்லா நாய்களுக்கும் தடை என்று அறிவிப்பு ஒட்டி, என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இந்த இரண்டையும் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புரட்டாசி விரத நாட்களில் உங்கள் காய்கறிப் பகுதியில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நெரிசலில் என் நாய் என்னை அமைதியாக நடத்திச் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு சிறிய நாய் விடாமல் குரைப்பது கேட்டது. அது தள்ளுவண்டியில் குழந்தையை உட்கார வைக்கும் இடத்தில் அமர்ந்திருந்ததாகவும், சேவை நாய் என்று எழுதிய மேலங்கி அணிந்திருந்ததாகவும் அருகில் நின்ற பெண்மணி ஒருவர் பிறகு சொன்னார். அது கீழே குதித்து என் நாயின் காதைக் கடித்தது. உங்கள் பணியாளர் வந்தார். அந்த நாயின் உரிமையாளர் மேலங்கியைக் காட்டி "இது சேவை நாய்" என்றார். பணியாளர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அடுத்த முறை நான் வந்தபோது காவலர் என்னைத் தடுத்து, உணவுப் பொருள் விற்கும் இடத்தில் நாய்களை விடக் கூடாது என்பது சுகாதாரச் சட்டம் என்றார். கிளை மேலாளரோ, எல்லாரையும் சமமாக நடத்துவதாக விளக்கம் தந்தார்.

அந்தக் காவலர் குறிப்பிட்ட சட்டத்தைத் தயவுசெய்து முழுவதும் படித்துப் பாருங்கள். 2018 ஜூன் மாதம் வெளியான ஆர்638 எனப்படும் உணவு வளாகச் சுகாதார விதிமுறைகள் விலங்குகளை உணவு வளாகத்தில் அனுமதிக்கக் கூடாது என்று சொல்லும் இடத்திலேயே, பார்வையற்றவருடன் வரும் வழிகாட்டி நாயை விற்பனைப் பகுதியிலும் பரிமாறும் பகுதியிலும் அனுமதிக்கலாம் என்று விலக்கும் அளிக்கின்றன. ஆக, அந்த விதி தடுக்கும் வளர்ப்பு நாய் உங்கள் தள்ளுவண்டியில் ஏறி வந்தது. அதே விதி பெயர் சொல்லி விலக்களித்த நாய் வாசலில் நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் 4ஆம் எண் சமத்துவச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவர் சமூகத்தில் இயங்கத் தேவையான துணை வசதியை அவருக்கு மறுப்பதையும் அவரிடமிருந்து அகற்றுவதையும் நியாயமற்ற பாகுபாட்டின் வடிவமாகவே குறிப்பிடுகிறது. கண்ணுள்ளவர் தம் நாயை வீட்டில் விட்டுவிட்டு உங்கள் கடைக்கு வரலாம். நான் எப்படி வருவேன்? இதைச் சமமான நடத்தை என்று என்னால் ஏற்க முடியாது.

நம் நாட்டில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தை 1953இல் கிளாடிஸ் எவன்ஸ் என்ற பார்வையற்ற பெண்மணி தொடங்கினார். இத்தகைய நாய் குட்டியாக இருக்கும்போது ஒரு தன்னார்வலர் வீட்டில் ஓராண்டுக்கு மேல் வளர்கிறது; பிறகு பல மாதங்கள் பயிற்சி பெறுகிறது; வண்டி வருவதைக் கண்டால், நான் முன்னே போகச் சொன்னாலும் கீழ்ப்படியாமல் நிற்கக் கற்றுக்கொள்கிறது. என் உயிரே அதன் நிதானத்தை நம்பி இருக்கிறது. இப்போது அது தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே தயங்கி நிற்கிறது. இந்த அச்சம் தெளியாவிட்டால் அதைப் பணியிலிருந்து விடுவிக்க நேரிடலாம் என்று பயிற்றுநர் கூறியிருக்கிறார். காதில் பட்ட காயத்தைவிட எனக்கு இதுவே பெருங்கவலை.

தனிமையில் வாழ்பவருக்கு வளர்ப்பு நாய் தரும் ஆறுதலை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆறுதல் தருவதும், ஒரு குறைபாட்டுக்கு உதவும் பணியைச் செய்யப் பயிற்சி பெறுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ஆறுதலுக்கான விலங்குகளையும் சேவை நாய்களையும் விமான நிறுவனங்கள் ஒன்றாகவே நடத்த வேண்டியிருந்ததால் எழுந்த குழப்பம் நீண்ட காலம் தொடர்ந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியே அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மேலங்கியை எவரும் இணையத்தில் வாங்கிவிடலாம் என்பதால் அது எதற்கும் சான்றாகாது. அந்நாட்டுக் கடைப் பணியாளர்கள், ஒரு குறைபாட்டின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, எந்தப் பணியைச் செய்ய அது பயிற்சி பெற்றிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். நோய் விவரம் கேட்கக் கூடாது. உரிமையாளரால் அடக்க முடியாத நாய் உண்மையான சேவை நாயாகவே இருந்தாலும் அதை வெளியேற்றச் சொல்லலாம். இது அமெரிக்க நடைமுறைதான் என்றாலும், உங்கள் பணியாளர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அன்று அந்தப் பணியாளர் இரண்டாவது கேள்வியை மட்டுமாவது கேட்டிருந்தால், அல்லது குரைக்கும் நாயை உடனே வெளியே அனுப்பியிருந்தால், என் நாய் கடிபட்டிருக்காது.

ஆகவே, அந்த அறிவிப்பை உடனே அகற்றி, வழிகாட்டி நாய்களுக்கும் பயிற்சி பெற்ற மற்ற உதவி நாய்களுக்கும் அனுமதி உண்டு என்பதைத் தெளிவாக எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காவலர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், பயிற்சியை உங்கள் சொந்தப் பணியாளர்களோடு நிறுத்திவிடாதீர்கள். கால்நடை மருத்துவரின் கட்டண ரசீதை இணைத்துள்ளேன். அத்தொகையையும் மறுபயிற்சிக்கு ஆகும் செலவையும் உங்கள் நிறுவனம் ஏற்க வேண்டும். உரிய பதில் கிடைக்காவிட்டால் சமத்துவ நீதிமன்றத்தை அணுகுவேன்.

உங்கள் பதிலை ஒளிநகலாகவோ படமாகவோ அனுப்பாமல், மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்புங்கள்; என் கணினி எழுத்தை மட்டுமே எனக்குப் படித்துக் காட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்