ராஜிக்கு, அத்தை விஷயமாக

அன்புள்ள ராஜி,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் போடுவதற்குள் பொங்கலே வந்துவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள்வோம். இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவள் தூக்கத்தில் உன்னையே மிஞ்சிவிட்டாள். ஜாக்குலின் பெண் கல்யாணப் பத்திரிகை வந்ததா? மாப்பிள்ளை பெயரைப் பார்த்தாயா? சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அத்தை கும்பகோணம் வீட்டுக் கொல்லைப்படியில் சறுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் விடிந்து பால்காரர் வரும்வரை அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அதுவும் பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சென்னைக்கு வாருங்கள் என்றால், "உன் பதினோராவது மாடியில் காக்காய்க்குச் சோறு வைக்கக்கூட வழியில்லை" என்கிறார். அப்புறம் ஒரு நாள் அவராகவே பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்து நீட்டினார். கோயம்புத்தூரில் வடவள்ளி தாண்டி, பெரியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. சாப்பாடு, நர்ஸ், கோயில், தோட்டம் எல்லாம் உள்ளேயே.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே ஆட்டம். ஊரில் தலை காட்ட முடியாதாம். அத்தை வீட்டு வாசலில் அவன் தலையை யாராவது பார்த்து எத்தனை நாளாகிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது. அத்தை முந்திக்கொண்டார். "2007-ஆம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டம் படிச்சிருக்கியா? பிள்ளை இல்லாதவளோட சொத்து யாருக்கு வந்து சேருமோ, அவங்க அவளைப் பார்த்துக்கணும். உங்க ரெண்டு பேர் மேலயும் கோட்டாட்சியர்கிட்ட மனு போடலாம்." தம்பி போனை வைத்துவிட்டான். எனக்கும் கொஞ்சம் வியர்த்தது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் மதிய ஜன சதாப்தி பிடித்து, ராத்திரி கோவையில் தங்கி, காலையில் போனோம். இடம் அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்தால் மலை. எங்கும் படியே இல்லை, சரிவுப் பாதை. லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் நுழைகிறது. விற்பனைப் பெண் எங்களை நீச்சல் குளம், யோகா மண்டபம், கேரம் அறை என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனாள். அத்தை குளத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்ரூமைக் காட்டும்மா" என்றார்.

பாத்ரூமில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாம் சரியாக இருந்தது. ஆபத்துக்கு இழுக்கும் சிவப்புக் கயிறும் இருந்தது. ஆனால் தரை துடைக்கும்போது நனையாமல் இருக்க, யாரோ அதைச் சுருட்டித் தோள் உயரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த முடிச்சையே பார்த்தார். "விழுந்தவ எழுந்து நின்னு இழுக்கணுமா?" அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் முடிச்சை அவிழ்த்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து நின்றார். பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வில் நம்மைப் பார்த்து நிற்பாரே, அதே நிற்பு. ஆள் வர ஆறு நிமிஷம். அதுவும் பட்டப்பகலில். ராத்திரி எத்தனை நர்ஸ் என்று கேட்டோம். மொத்த வளாகத்துக்கும் ஒருவர்.

மத்தியானச் சாப்பாடு பரவாயில்லை, உப்புதான் கொஞ்சம் மட்டு. எதிரில் ஓர் அம்மா, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நடந்து இங்க சாப்பிட வர்றவங்களைத்தான் உங்களுக்குக் காட்டுவாங்க. வர முடியாம போனவங்க எங்கன்னு கேளுங்க."

ராஜி, அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலகத்தில் கேட்டேன். சுற்றி வளைத்துப் பதில் வந்தது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வரை பிரச்சினை இல்லை. முடியாமல் போனால் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். நினைவு தவற ஆரம்பித்தால் 'குடும்பத்தினர் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்' என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, பதினாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில். யோசித்துப் பார். இந்த வயதில் வீட்டை விற்று ஒருவர் அங்கே போவதே அந்த நாளுக்காகத்தானே? கேரம் விளையாடவா?

ஒப்பந்தத்தை வாங்கி வந்து அத்தை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். கிரயப் பத்திரம் தனி, பராமரிப்பு ஒப்பந்தம் தனி. வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறது, அது சரி, ஆனால் அது கட்டடத்துக்குத்தான். ராத்திரி நர்ஸ் வராவிட்டால் அங்கே போய்க் கேட்க முடியுமா? 2019-இல் மத்திய அரசு இந்த மாதிரி இடங்களுக்கென்று மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டதே என்று நான் ஆரம்பித்தேன். "மாதிரிதானே" என்று அத்தை அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். மாதக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கட்டணத்தை வருஷா வருஷம் ஏற்றலாம், எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. அத்தைக்குப் பிறகு வீடு எனக்கு வரும், ஆனால் 55 வயதாகும் வரை நான் அங்கே குடியிருக்க முடியாது. விற்றாலும் அந்த வயதுக்காரருக்குத்தான் விற்க வேண்டும், அதற்கு அவர்களுக்கு ஒரு பெயர் மாற்றக் கட்டணம். விளிம்பில் அத்தை எழுதியிருப்பதைப் பார்த்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கட்டணப் பத்திக்கு நேரே, நம் கணக்கு நோட்டில் போடுவாரே அதே மாதிரி: 'மீதி எங்கே?'

இவ்வளவுக்கும் பிறகு அவருக்கு அங்கே போக ஆசைதான். அதுதான் என்னைப் போட்டு உலுக்குகிறது. "உன்கிட்ட வந்தா நான் உனக்குப் பாரம், நீ எனக்குக் காவல். அங்க போனா நான் ஒரு ஆள்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, வந்ததற்காகக் கூச்சமும் வந்தது. உனக்கு உன் மாமியாரோடு இருக்கும் அனுபவத்தில் இது புரியும்.

இப்போதைக்கு அத்தையின் முடிவு இது. கும்பகோணம் வீட்டைத் தொடுவதில்லை. வாங்கவும் போவதில்லை. ஒரு மாதம் பணம் கட்டித் தங்கிப் பார்ப்பது. அதற்கும் முன்னால் பதினாலாம் பக்கத்து வரியை மாற்றி எழுதித் தரச் சொல்லிப் பதிவுத் தபால் போட்டிருக்கிறார். அவர்களோ தை மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று தினமும் எனக்குப் போன் செய்கிறார்கள்.

அதனால் உனக்கு ஒரு வேலை. திருப்பூரிலிருந்து உனக்குப் பக்கம்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போய் நில். உள்ளே விடுகிறார்களா, நர்ஸ் அறையில் விளக்கு எரிகிறதா, மேல்மாடியில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களா, பார். மருதமலை ரோட்டு நெரிசலில் ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரமாகிறது என்று வரும் வழியில் உன் வீட்டுக்காரரை ஓட்டிப் பார்க்கச் சொல். கேட்டால் மாமியாருக்காக வந்தேன் என்று சொல்லிக்கொள். மாமியாரிடம் மட்டும் எங்கே போகிறாய் என்று சொல்லிவிடாதே, அப்புறம் நான் திருப்பூர்ப் பக்கமே வர முடியாது.

அன்புடன்,
சுமதி