ஃபோர்ட்ரான் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அறிவியல் மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழி எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேர்கோட்டு இயற்கணிதக் கணக்குகளுக்கு உலகமே நம்பியிருக்கும் லாபேக் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு ஃபோர்ட்ரானில்தான் எழுதப்பட்டது. நான் கேட்பதெல்லாம், பாடத்தைத் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்பதுதான்.

எனக்கு முதல் வகுப்பில் சொல்லித்தந்தது, ஒவ்வொரு வரியையும் ஆறு இடம் விட்டு ஏழாவது இடத்தில் தொடங்க வேண்டும் என்பது. அது துளை அட்டைக் காலத்து வழக்கம். 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு இந்த மொழியைக் கொண்டுவந்தபோது அதற்குக் காரணம் இருந்தது. ஃபோர்ட்ரான் 90 வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. அறிவிக்காத பெயர்களை ஏற்காதே என்று சொல்லும் 'இம்ப்ளிசிட் நன்' என்ற ஒரு வரியை மட்டும் அன்று யாரும் சொல்லவில்லை.

அதற்கு நான் கொடுத்த விலை மூன்று நாள். விசைகளைக் கூட்டும் லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில், ஒரு வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் இடம்) பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. அறிவிக்காத பெயர் I முதல் N வரையிலான ஆங்கில எழுத்தில் தொடங்கினால் முழு எண், மற்றதெல்லாம் தசம எண் என்று தானே முடிவுகட்டும் பழைய விதிப்படி, என் எழுத்துப்பிழை புது வேரியபிள் ஆகிவிட்டது. புரோகிராம் ஓடியது, விடையும் வந்தது, விடை தப்பு. சூத்திரத்தில்தான் தவறு என்று நினைத்து மூன்று நாளும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரி மேலே இருந்திருந்தால், கம்பைலர் வரி எண்ணோடு காட்டிக்கொடுத்திருக்கும்.

இடம் விட்டு எழுதுவதைவிட ஒரு நல்ல முதல் பாடம் உண்டு. கோளத்தின் கன அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். பாதிப்பேர் 4/3 என்று அப்படியே எழுதுவார்கள். இரண்டும் முழு எண் என்பதால் வகுத்தால் 1-தான் கிடைக்கும், கன அளவில் கால் பங்கு காணாமல் போகும். உடனே விளக்கிவிடாதீர்கள். அவர்களே கையால் கணக்குப் போட்டு, ஒப்பிட்டு, திகைக்கட்டும். அப்புறம் 4.0/3.0 என்று மாற்றச் சொல்லுங்கள். முழு எண்ணும் தசம எண்ணும் கணினிக்கு வேறு வேறு என்பது அதற்குப் பிறகு மறக்கவே மறக்காது.

அந்தச் சூட்டோடு டபுள் பிரிசிஷன் (கூடுதல் இலக்கத் துல்லியம்) வேரியபிளில் வெறும் 0.1 என்று போட்டு, பதினைந்து இலக்கம் அச்சிடச் சொல்லுங்கள். 0.100000001490116 என்று வரும். எண்ணையே சிங்கிள் பிரிசிஷனில், அதாவது குறைந்த துல்லியத்தில், எழுதிவிட்டு, பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் துல்லியம் கூடாது.

அர்ரே (எண்களின் அட்டவணை) நினைவகத்தில் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கப்படுகிறது, அதனால் உள் லூப் முதல் குறியீட்டில் ஓடட்டும் என்பதையெல்லாம் பிறகு சொல்லலாம். சரி, ஆனால் அர்ரேயின் எல்லை தாண்டினால் நிறுத்திச் சொல்லும் சோதனையையும் எச்சரிக்கைகளையும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் முதல் நாளே ஆன் செய்துகொடுங்கள். பிழைச் செய்தி வந்ததும் நீங்கள் ஓடிப்போய்த் திருத்த வேண்டாம். அதை அந்த மாணவரே சத்தமாக ஒருமுறை படிக்கட்டும்.

அன்புடன்,
உங்களிடம் படித்தவர்களில் ஒருவன்