பெரியசாமிக்கு இரண்டு சென்ட்

அல்சூர், பெங்களூர்
மார்கழி 5

அன்புள்ள மாரி,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். நீ கோபப்பட்டால் நியாயம்தான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் குண்டு ராமர் சொன்னான். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். சுகமில்லாமல் இருப்பது ஒரே ஒரு ஜீவன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மச்சினன் கனடா போனான் அல்லவா, போகும்போது தன் ஆமையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். "ரெண்டு மாசம் பாத்துக்கோங்க அத்தான்" என்றான். எட்டு மாதம் ஆகிவிட்டது, அவன் இனித் திரும்பி வரப்போவதில்லை. சல்கேட்டா என்கிற ஆப்பிரிக்க ஜாதி அது. சகாராவுக்குத் தெற்கே இருக்கும் வறண்ட பூமிதான் அதன் சொந்த ஊர். என் பையன் பெரியசாமி என்று பேர் வைத்துவிட்டான். ஆறு வயது, ஓட்டின் நீளம் ஒரு அடி, எடை ஆறு கிலோ.

வந்தபோது மூன்றடி மீன் தொட்டியில் இருந்தது. காலையிலிருந்து ராத்திரி வரை கண்ணாடியை ஒட்டியே நடக்கும். மூலையில் முட்டும், திரும்பும், மறுபடி நடக்கும். மூக்கு நுனி உராய்ந்து தோல் போய்ச் சிவந்திருந்தது. கண்ணாடி என்று ஒன்று இருப்பது ஆமைக்குப் புரியாதாம் மாரி. எதிரே வெளி தெரிகிறதே, ஏன் போக முடியவில்லை என்று முட்டிக்கொண்டே இருக்குமாம். கால்நடை டாக்டர் சொன்னதும், பழுப்புத் தாளை வெளிப்பக்கம் சுற்றி ஒட்டினேன். அன்று சாயங்காலமே நடை நின்றது. இத்தனை வருஷம் அதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

தொட்டியை விட்டு எடுத்து ஹாலில் விட்டால் டைல்ஸ் தரையில் கால் நிற்கவில்லை, நாலு பக்கமும் வழுக்கிப் பரப்பிக்கொண்டு போனது. அதனால் பால்கனியை அதற்கே கொடுத்துவிட்டோம். பத்தடிக்கு நாலடி. ஓரங்களில் பிளைவுட் அடித்து, அரையடிக்கு மண் கொட்டி, ஒரு மூலையில் மரப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தேன். இங்கே இப்போது ராத்திரி பதினைந்து டிகிரிக்கு இறங்குகிறது. அதன் உடம்புக்கு அந்தக் குளிர் ஆகாது, சளி பிடித்துவிடும். எஸ்.பி. ரோட்டுக்குப் போய்த் தெர்மோஸ்டாட் வாங்கி வந்து சூட்டு விளக்கோடு இணைத்தேன்.

ஒரு தப்பு என்மேல் இருக்கிறது. பால்கனி தயாராகும் முன் மூன்று மாதம், ஜன்னல் ஓரம் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்திருந்தேன். வெயில் கிடைக்கிறது என்றுதான் நினைத்தேன். வெயிலில் இருக்கும் யுவி-பி கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. அது உடம்பில் படாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பில் ஒட்டாது. டாக்டர் ஓட்டின்மேல் விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, நல்ல வேளை, இன்னும் இளகவில்லை என்றார். ஆனால் ஓட்டின் கட்டங்கள் சின்னச் சின்னக் கோபுரமாக எழும்பியிருக்கின்றன. குட்டியிலிருந்து ஈரப்பதம் இல்லாத இடத்தில் வளர்ந்ததால் வந்தது, அது இனிச் சரியாகாது.

இதையெல்லாம் சமாளித்துவிடுவேன். ராத்திரிதான் தாங்கவில்லை. பதினொரு மணிக்கு மேல் பால்கனி மூலையில் தோண்டத் தொடங்கும். அதன் ஊரில் பத்தடி ஆழத்துக்குக்கூட வளை தோண்டி, வெயில் காலத்தில் பெரும் பகுதியை அதற்குள் கழிக்கும் பிராணி. இங்கே அரையடியில் நகம் சிமென்ட்டில் பட்டுச் சர்ரக் என்று கேட்கும். கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் அதே இடத்தில் மறுபடியும் தோண்டும். நான் படுக்கையில் கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்.

ஆண் என்றால் நாற்பது, ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். எழுபது வருஷத்துக்கு மேலும் இருக்கும் ஜாதி. எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மொட்டை மாடியைக் கேட்டேன், வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார்.

அதனால் கேட்கிறேன். பம்புசெட்டுக்கு மேற்கே இருக்கும் உன் செம்மண் பொட்டலில் இரண்டு சென்ட் கொடு. சங்கரன்கோவில் வெயில் அதற்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும். சுவர் கட்டும் செலவு என்னுடையது. கம்பி வலை வேண்டாம், வெளி தெரிந்தால் முட்டும். செங்கல்லில் இரண்டடி உயரம், மண்ணுக்குள்ளேயும் இரண்டடி, இல்லையென்றால் அடியில் வளை பறித்து வெளியே போய்விடும். உன் துரவுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, அதை நினைத்தால் எனக்கு உதறுகிறது. வேலியில் இருக்கும் அரளியை அடியோடு எடுத்துவிடு, அது விஷம். வேப்பமர நிழல் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு ஒதுங்க மேடு கட்டி, அதன்மேல் ஒரு சின்னக் கொட்டகை போடுவோம். தீனிக்குப் புல்தான். அருகு, செம்பருத்தி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி, கடித்து அரைக்கக் கொஞ்சம் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு. தங்கச்சி பாசத்தில் வாழைப்பழமும் சோறும் வைக்கக் கூடாது, அதை மட்டும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், ஒரு நட்சத்திர ஆமை பிடித்துத் தருவதாக உன் ஊர்க்காரர் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாயே. தயவுசெய்து வேண்டாம். அது நம் காட்டுப் பிராணி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கடத்திக் கடத்தியே அந்த இனத்தை வதைக்கிறார்கள். 2019இல், காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். பெரியசாமிக்கு மச்சினன் மத்திய அரசின் பரிவேஷ் இணையத் தளத்தில் முறையாகப் பதிந்திருக்கிறான். 2024 விதிப்படி கைமாறினால் அதையும் பதிய வேண்டும். அந்த வேலையை நான் முடித்துவிட்டுத்தான் கொண்டுவருவேன்.

அம்மாவிடம் நானும் பேசுகிறேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று முதல் வார்த்தையே சொல்வார்கள். வீட்டுக்குள் வராது, தோட்டத்தில்தான் இருக்கும் என்று சொல்லிப் பார். பெருமாளே கூர்மமாக வந்தவர் என்றும் சொல். உன் சின்ன மகளிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் எனக்கு. நீயும் நானும் போன பிறகு அதற்குப் புல் போடப்போகிறவள் அவள்தான். அவளுக்கு இஷ்டமில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின நாள் வருகிறேன், அளக்க டேப் கொண்டுவருகிறேன். அதற்குள் அரளியை வெட்டி, கிணற்றுக்குக் கொத்தனாரிடம் ஒரு விலை கேட்டு வை.

உன்
சண்முகம்