ஏழூர்ப் பல்லக்கு போகும் பாதையைச் சைக்கிளுக்கும் கொடுங்கள்

மதிப்புக்குரிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுற்றுலா, நெடுஞ்சாலை, நீர்வளம், இந்து சமய அறநிலையத் துறைகளின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருவையாற்றுப் பக்கத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோரமாகப் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது எனக்குப் பல வருடப் பழக்கம். அப்படிப் போய்வந்ததில் மனதில் உறுதிப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடல். சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கென்று நம் மாவட்டத்தில் புதிதாக ஒரு பாதை போட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. சித்திரை மாதம் திருவையாற்றுக் கோயில் சாமி ஐயாறப்பர் பல்லக்கில் ஏறி அந்தப் பாதையில்தான் ஏழு ஊரையும் சுற்றி வருகிறார்.

உங்களில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களும் இருப்பீர்கள். அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். நடத்தி வைப்பவர் ஐயாறப்பர். பழம் திருப்பழனத்திலிருந்து வருகிறது. சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, வேதம் ஓதுகிறவர்கள் திருவேதிக்குடியிலிருந்து, நகை திருக்கண்டியூரிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து. நெய் கொடுத்த ஊர் திருநெய்த்தானம், இன்று நாம் தில்லைஸ்தானம் என்கிறோம். இந்த ஆறு ஊரோடு திருவையாறும் சேர்ந்ததுதான் ஏழூர். கல்யாணம் பங்குனியில் முடிகிறது. உதவி செய்த ஊர்களுக்கு நேரில் போய் நன்றி சொல்லச் சித்திரையில் கிளம்புகிறார்கள். ஐயாறப்பரும் அம்பாளும் கண்ணாடிப் பல்லக்கில், புதுமணத் தம்பதி வெட்டிவேர்ப் பல்லக்கில். கூட நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் பானகமும் கிடைக்கும். எல்லாம் சுற்றி முடித்துத் திருவையாற்றுக்குத் திரும்பியதும் பல்லக்குக்குப் பொம்மை பூப்போடும். சின்ன வயதில் அந்தப் பொம்மையைப் பார்ப்பதற்காகவே அப்பா தோளில் உட்கார்ந்து தூங்காமல் காத்திருப்பேன்.

இந்தப் பாதை சைக்கிளுக்குப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. தோளில் சுமந்துகொண்டு மனிதர்கள் நடந்த பாதை இது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள தூரம் அந்தத் தோள்களுக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. சைக்கிளில் வருகிறவருக்குக் கால் வலிக்கும் முன்பே ஒரு கோபுரம் தெரியும், ஒரு குளம் வரும், ஒரு டீக்கடை வரும். காரில் வருகிறவர்கள் ஏழு கோயிலையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிட்டுக் கும்பகோணம் போய்விடுகிறார்கள். கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவே இருக்கும் ஊரை அவர்கள் பார்ப்பதே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர் அளவுதான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவை ஐந்து பாலங்கள், அவ்வளவுதான். பெடல் மிதிக்கிறவருக்கு அவை ஐந்து மேடுகள். டெல்டாவில் மேடு என்று ஒன்று இருந்தால் அது ஆற்றங்கரைதான். ஒவ்வொரு மேடாக ஏறி, உச்சியில் ஒரு நிமிடம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, மிதிக்காமலே இறங்கிப் போகும்போது இந்த ஊருக்கு ஏன் திருவையாறு என்று பேர் வந்தது என்பது உடம்புக்கே தெரியும். எந்த வழிகாட்டியும் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஏழு ஊர்களில் தில்லைஸ்தானம், திருவையாறு, திருப்பழனம் மூன்றும் காவிரிக்கு வடகரை. மற்ற நான்கும் தென்கரை. எனக்கு மிகவும் பிடித்தது கண்டியூரிலிருந்து மேற்கே திருப்பூந்துருத்திக்குப் போகும் வழி. ஒரு பக்கம் வாழையும் தென்னையும், இன்னொரு பக்கம் குடமுருட்டி. மூங்கில் புதர்கள், இலுப்பை, புங்கன், ஆற்றுக்குள் வேரை இறக்கி நிற்கும் நீர்மருது. ஆனி, ஆடியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் காற்றிலேயே ஒரு சேற்று வாசனை இருக்கும். திருஞானசம்பந்தர் இந்தப் பக்கம் வந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவருடைய பல்லக்கைத் தோளில் சுமந்தார் அப்பர் என்று சொல்வார்கள். அப்பர் மடம் வைத்திருந்த ஊர் திருப்பூந்துருத்தி. மரநிழல் தலைக்கு மேல் விரிந்திருக்கும் ஒரு இடத்தில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம், வயதான அந்த மனிதர் பல்லக்கை இறக்கி வைத்து முகம் துடைத்துக்கொண்ட இடம் இதுவாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். "சைக்கிள் பாதை" என்று ஒரு கோப்பு நகர ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்? மரத்தை வெட்டிக் கரையை அகலமாக்கி, சிமென்ட் போட்டு, கம்பி வேலி கட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, ஒரு வளைவும் வைப்பார்கள். இரண்டு வருடத்தில் அந்த வளைவு மட்டும்தான் மிஞ்சும். சித்திரை வெயிலில் நிழல் இல்லாத சிமென்ட்டில் யார் சைக்கிள் ஓட்டுவார்கள்? தஞ்சாவூரில் நிழல்தான் சாலை. கரையில் இருக்கும் மண்ணையும் கப்பியையும் பள்ளம் மேடு இல்லாமல் சரிசெய்து கொடுத்தாலே போதும். மரங்களைத் தொடாதீர்கள். நீர்மருதின் வேர் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது நீர்வளத் துறைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, லாரிகள். சில வருடங்களுக்கு முன் பனி இறங்கியிருந்த ஒரு மார்கழிக் காலையில், மணல் ஏற்றிய லாரி ஒன்று குறுகலான கரைச்சாலையில் எதிரே வந்தது. நான் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டேன். முழங்கை தேய்ந்தது, முன்சக்கரம் கோணிக்கொண்டது, அதோடு தப்பித்தேன். கோலப்பொடி வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் எனக்குப் பின்னால்தான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் போகவில்லை. காலை 5 மணியிலிருந்து 9 மணி வரையும், மாலை 4 மணியிலிருந்து 7 மணி வரையும் ஏழூர்ப் பாதையின் கரைச்சாலைகளில் கனரக வாகனங்கள் வரக்கூடாது என்று ஒரே ஒரு உத்தரவு போடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை. சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பயன்படும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்தோம், வண்டியும் கொடுத்தோம். பயமில்லாமல் ஓட்ட ஒரு சாலையையும் கொடுத்துவிடுங்கள்.

வழி காட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் நினைவுக்கு வந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த பகுதி அது. 1995இல் அங்கே சைக்கிள் பாதைகள் பிரிகிற ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். யோசனை ஒரு சுரங்கப் பொறியாளருடையது. போக வேண்டிய எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினால் போதும், கைப்பேசியைப் பார்க்கவே வேண்டாம். இன்று நெதர்லாந்து முழுக்க அந்த முறைதான். நமக்கு எண்கள் இயல்பாகவே அமைந்திருக்கின்றன, ஒன்றிலிருந்து ஏழு வரை. சந்திப்புகளில் பழைய மைல்கல் உயரத்துக்கு ஒரு கல், அதில் எண், ஊர்ப் பெயர், அம்புக்குறி. ஃபிளக்ஸ் வேண்டாம், யாருடைய படமும் வேண்டாம்.

டான்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பசாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை உலகத்தார் வந்து சைக்கிள் ஓட்டுகிறார்களே, அந்தப் பாதையிலும் நிறைய இடங்கள் அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைவழிதான். அவர்களும் பழைய பாதையைத்தான் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் கழிப்பறை. இதை நான் சொல்வதைவிட என் மனைவியும் அவருடைய தோழிகளும் சொல்லிக் கேட்டால் நன்றாக இருக்கும். அவர்கள் இரண்டு முறை என்னோடு வந்தார்கள். மூன்றாவது முறை வரவில்லை. காரணம் இது ஒன்றுதான். கோயில் நடை பகல் 12 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். நடை சாத்தியிருக்கட்டும், வெளிப்புறத்தில் ஒரு சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் திறந்திருக்க வேண்டும். படித்துறை மண்டபங்களில் நாலு பேர் வெயில் தாழும்வரை படுத்து எழ இடம் வேண்டும். வழிப்போக்கர்களைப் பார்த்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இராமேசுவரம் போகிறவர்களுக்காக மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்டார்கள். இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இருக்கிறது.

வண்டிக்கு வெளியிலிருந்து எந்த நிறுவனத்தையும் கூட்டிவர வேண்டாம். கைப்பேசியால் பூட்டைத் திறக்கும் வண்டிகள் கிராமத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்தது. நோட்டில் பேரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் வண்டி கொடுப்பார்கள். குரங்குப் பெடல் போட்டுப் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதெல்லாம் அந்த வண்டிகளில்தான். இன்று பஞ்சர் ஒட்டிக்கொண்டு எப்படியோ காலம் தள்ளும் அதே கடைக்காரர்களுக்குக் கடையொன்றுக்குப் பத்து நல்ல வண்டி வாங்கக் கடன் கொடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற உயரத்தில் சில வண்டிகள் இருக்கட்டும். செயின் அறுந்தால் ஏழு ஊரில் எங்கே வேண்டுமானாலும் சரிசெய்து கொடுப்பார்கள். வருகிறவர்களின் பணமும் ஊரிலேயே நிற்கும். ஒரு தட்டு அசோகா அல்வா, ஒரு வாழைத்தார், ஒரு இளநீர் என்று அது கைமாறும்.

ஏழூர் சரியாக அமைந்துவிட்டால், மேற்கே பூண்டி மாதா பேராலயத்தையும் திருக்காட்டுப்பள்ளியையும் தொட்டுக்கொண்டு கல்லணை வரை நீட்டலாம். காவிரியும் வெண்ணாறும் கொள்ளிடமும் கல்லணைக் கால்வாயும் பிரியும் இடத்தை ஆற்றோடு எதிர்த்து மிதித்துப் போய்ப் பார்ப்பது வேறு அனுபவம். ஆனால் அவசரம் இல்லை. முதலில் ஏழு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரில் வந்து ஆய்வு செய்துவிட்டுப் போகாதீர்கள். தை மாதம், சம்பா அறுப்பு நேரம், காலைப் பனி விலகும் முன் ஒருநாள் வாருங்கள். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள். காலை 6 மணிக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் நிற்கிறேன். உங்கள் உயரத்துக்கு சீட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து, ஒரு சைக்கிளும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஏழூர்க்காரன் ஒருவன்