கல் தூசி தின்னும் நுரையீரல்கள்

ஆசிரியருக்கு,

மேலூர் பக்கம் கல் குவாரியிலும் கிரஷரிலும் நெடுநாள் வேலை பார்த்த சிலர் இன்று நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். இருமல் என்று போனால் காசநோய்ப் பரிசோதனை நடக்கிறது, பீடியை விடச் சொல்கிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் என்ன வேலை பார்த்தாய் என்ற கேள்வியையும் கேட்க வேண்டாமா?

கல்லை உடைக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிகா தூசி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடும். இந்த சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது முற்றலாம், காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். எக்ஸ்ரேயில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து வேறு. கண்டறிந்த மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே இதைப் பட்டியலிட்டிருந்தது.

கல் உடைப்பவர்களிடம் இந்த நோய் பற்றி ஆய்வு நடத்த வேண்டும். ஆய்வு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காசநோயாளிகள் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் கிடந்த காலம் ஒன்று இருந்தது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான்! அந்த அக்கறை கல் உடைப்பவர்களுக்கும் வேண்டும்.

மதுரை தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது, எய்ம்ஸும் அங்கேதான் வருகிறது. இரண்டும் சேர்ந்து மேலூர், கொட்டாம்பட்டி கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி கருவியை முதலில் கொடுங்கள்.

– ஒரு வாசகர், மேலூர்