மாம்பலத்துக்குத் திரும்பலாமா என்று கேட்டாய்

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டதை ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய். நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. அந்த வரியின் கனம் எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வரியில், "மாம்பலத்துக்கே வந்துவிடலாமா? கார் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறாய். உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல மனம் வரவில்லை. நீ இங்கே இருந்தால் எங்கெல்லாம் போவாயோ, அங்கெல்லாம் ஒரு வாரம் நடந்தும் பஸ் ஏறியும் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன், முடிவை நீ எடு.

முதலில் நல்ல செய்தி. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை இப்போது ஆகாய நடைபாதை இருக்கிறது. 2023 மே மாதம் திறந்தார்கள். 570 மீட்டர் நீளம், லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் உண்டு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் மாட்டிக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? உன் தங்கையின் ஒரு கையை நீயும் மறு கையை நானும் பிடித்துக்கொண்டு, கூட்டம் தள்ளிய தள்ளில் கால் தரையில் படாமலே ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அதே கூட்டத்தின் தலைக்கு மேலே, போன செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டி, கையில் பாத்திரக்கடைப் பையோடு நிதானமாக நடந்து போனாள். நடுவில் நின்று கீழே தெருவை வேடிக்கை வேறு பார்த்தாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. நடந்து போகிறவனுக்காக மட்டும் இந்த ஊரில் 28 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒன்று கட்டியிருக்கிறார்கள் என்பதை நாம் இளைஞர்களாக இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா?

பாண்டி பஜாரும் நீ பார்த்த பஜார் இல்லை. 2019 நவம்பரிலிருந்து சாலையின் இரு பக்கமும் அகலமான நடைபாதை, மர நிழலில் உட்கார இடம். மாலையில் குழந்தைகள் கையை விட்டுவிட்டு ஓடுகின்றன. தி.நகரில் ஒரு தாய் குழந்தையின் கையை விடுகிறாள் என்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டாம்.

ஆனால் அந்த நடைபாதைக்கும் அந்த ஆகாயப் பாலத்துக்கும் என் வீட்டிலிருந்து போய்ச் சேருவதுதான் பாடு. கோயம்புத்தூரில் உனக்கு ரேஸ்கோர்ஸ் இருக்கிறது. காலையில் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறாய். நடைப்பயிற்சிக்கு நடப்பது வேறு, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர நடப்பது வேறு. மருந்துக்கடைக்கு, வங்கிக்கு, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிறவன் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டு வாசலில் தொடங்கும் வழிதான் அவனுக்கு வழி.

எங்கள் தெரு முனையிலிருந்து பஸ் நிறுத்தம் அறுநூறு தப்படி. பழைய தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நடைபாதையின் அகலம் ஓரிடத்தில் ஒன்றரை மீட்டர். மின்சாரப் பெட்டி நிற்கும் இடத்தில் 55 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் ஒரு வீட்டுக்காரர் கார் ஏற்றுவதற்குச் சிமெண்டால் சரிவு போட்டிருக்கிறார். அந்த இடத்தில் நடைபாதையே இல்லை. உயரம் ஓரிடத்தில் 34 சென்டிமீட்டர், அதாவது நம் வீட்டு மாடிப்படி இரண்டு சேர்ந்த உயரம். 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது, தடையில்லாமல் 1.8 மீட்டராவது அகலம் வேண்டும் என்று, சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. போன ஆடி மாதம் அந்த உயரமான இடத்திலிருந்து இறங்கும்போதுதான் என் மனைவி கால் பிசகி விழுந்தாள். மூன்று வாரம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் அவள் நடைபாதையில் ஏறுவதில்லை. சாலை ஓரமாகவே நடக்கிறாள், பின்னால் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் என் கையை இறுக்கிக்கொள்கிறாள். ஏன் எல்லோரும் நடைபாதை இருக்கச் சாலையில் நடக்கிறார்கள் என்று திட்டுகிறவர்களுக்கு நான் அந்த டேப்பைக் கொடுக்கத் தயார்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். இதை நினைத்து இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. தாழ்தளப் பஸ்கள் வந்திருக்கின்றன, தெரியுமா? 2024 ஆகஸ்டில் சில வந்தன. 2025 ஜூன் கடைசியில் மின்சாரப் பஸ்களும் வந்துவிட்டன. நிறுத்தத்தில் நின்றதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தினால், பஸ் ஒரு பக்கமாக அப்படியே குனிகிறது, கோயில் யானை முன்காலை மடக்குகிற மாதிரி. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகையும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் வருடக்கணக்காக உயர் நீதிமன்றத்தில் போராடி வாங்கிய பஸ் அது. அண்ணா சாலையில் ஒரு நிறுத்தத்தில் நான் பார்த்தது இது: பஸ் வந்தது. நிறுத்தத்தை ஒட்டி இரண்டு கார்களும் ஒரு சரக்கு ஆட்டோவும் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுநர் நல்ல மனிதர். முடிந்தவரை ஒதுக்கிப் பார்த்தார், முடியவில்லை. சாலையின் நடுவிலேயே நிறுத்திப் பஸ்ஸைக் குனியவைத்தார். ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெரியவர் நடைபாதையிலிருந்து இறங்கி, இரண்டு கார்களுக்கும் இடையில் உடம்பைத் திருப்பி நுழைந்து, இடதுபுறமாகப் பாய்ந்து வந்த ஒரு பைக்குக்கு நின்று வழிவிட்டு, அதன் பிறகு ஏறினார். பஸ் அவ்வளவு குனிந்தும், மண்ணிலிருந்துதான் அவர் காலைத் தூக்க வேண்டியிருந்தது. அரைமணி நேரம் நிறுத்திவைத்த ஒரு கார், அவ்வளவு செலவில் வந்த பஸ்ஸை வீணாக்கிவிட்டது. எனக்கு இப்போது புதிய பஸ்ஸைவிட, அந்த நிறுத்தத்தில் கார் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ஒரு காவலர்தான் அவசரத் தேவையாகத் தெரிகிறது.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் வரை இரும்பு மேம்பாலம் ஒன்றை 2025 செப்டம்பரில் திறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 165 கோடி. காரில் போகிறவர்களுக்குச் சில நிமிடம் மிச்சம், மறுக்கவில்லை. நம் சென்னை மாநகராட்சியே 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை. சாலைப் போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்கிறது அது. இந்தியாவில் வேறெந்த நகரமும் அதற்கு முன் அப்படி எழுதிவைத்ததில்லை. எழுதிய கையே அதை மறந்துபோகலாமா? நல்ல நடைபாதை வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில் சொல்லிவிட்டது.

பஸ்ஸைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா முன்பெல்லாம் ஷேர் ஆட்டோவுக்குத் தினம் முப்பது, நாற்பது ரூபாய் கொடுத்துவிட்டு வருவார். 2021 மே மாதத்திலிருந்து வெள்ளைப் போர்டு போட்ட சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தில் மகளுக்கு டியூஷன் வைத்திருக்கிறேன் என்று போன மாதம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவருடைய குறை ஒன்றே ஒன்று: பஸ் எப்போது வரும் என்று தெரிவதில்லை. சில நாள் ஐந்து நிமிடத்தில் மூன்று வரும், சில நாள் நாற்பது நிமிடம் ஒன்றுமே வராது. நமக்கும் அறுபது கடந்தவர்கள் என்று மாதம் பத்து இலவசப் பஸ் டோக்கன் உண்டு. வந்தால் முதல் வேலையாக வாங்கிக்கொள். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ என்று ஒரு செயலியும் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. என் பேரன் போட்டுக் கொடுத்தான்.

மெட்ரோ பனகல் பார்க்குக்கு வரப்போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர், பனகல் பார்க்கில் தரைக்கடியில் நிலையம். பார்க்கைச் சுற்றி இப்போது தகரத் தடுப்பும் மண்ணும்தான். அது வந்தால் திருமயிலை பத்து நிமிடம். அங்கே அறுபத்துமூவர் திருவிழா பார்க்க 12பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் நாம். ஆனால் ரயில் பாதைக்குக் கீழே போகும் துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து அந்த நிலையத்தின் வாசலுக்கு மேற்கு மாம்பலத்துக்காரன் எப்படிப் போவான் என்பதற்கு இன்னும் விடை இல்லை. ஒரு சிற்றுந்து போதும்: ஏரிக்கரைச் சாலை, ஆரிய கவுடா சாலை, சுரங்கப்பாதை, பனகல் பார்க் என்று பத்து நிமிடத்துக்கு ஒன்று. 2013இல் சிற்றுந்துகள் வந்தபோது எவ்வளவு ஆசையாகப் பார்த்தோம்! பெரிய பஸ் திரும்ப முடியாத தெருக்களுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது.

சைக்கிளைப் பற்றி எழுதத் தொடங்கினால் நீளும். அயோத்தியா மண்டபத்துக்குப் பின்தெருவில் மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து நீ எனக்குக் குரங்குப் பெடல் கற்றுக்கொடுத்தாய். என் முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது; எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் கிடைத்தது. நீல வண்டி, சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டேன். "அம்மா பயப்படுகிறார்கள், தாத்தா" என்றாள். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் அந்தச் சாலையை நானும் பார்க்கிறேனே.

எங்கள் தெருவில் பதினோரு வீட்டார் சேர்ந்து, அளந்த கணக்கோடு ஒரு மனு எழுதினோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் முதல் தடவை வாங்கவே இல்லை. இரண்டாம் தடவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை ஓர் இளம் பொறியாளர் எங்களோடு நடந்து வந்து பார்த்தார்; அறுநூறு தப்படியும் நடந்தார். பத்து நாளில் 34 சென்டிமீட்டர் இருந்த இடத்தை உடைத்துச் சரிவாக்கிவிட்டார்கள். மின்சாரப் பெட்டி அப்படியே இருக்கிறது. மனுவில் நடைபாதைப் பூக்காரியை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார் ஒருவர். நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அவள் இருப்பதால்தான் இரவு ஒன்பது மணிக்கும் அந்த இடத்தில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிறது. வழியை அடைத்துக்கொண்டு நிற்பவை பைக்குகள். அந்த வரியை எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே, உன் கேள்விக்கு என் பதில்: வா. கார் இல்லாமல் இங்கே இருக்கலாம். கஷ்டம் உண்டு, பார்வை மங்கிய கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உண்டு. அதை மறைத்து எழுதினால் நான் உனக்கு நண்பன் இல்லை. ஆனால் காய்கறி, கோயில், டாக்டர், ரயில் எல்லாம் காலெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் இது. 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிற பாதை நம்முடையது. அடுத்த மனுவுக்குப் பன்னிரண்டாவது கையெழுத்தும் வேண்டும். நாற்பது வருடம் கார் ஓட்டியவன் கேட்டால் அதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கும்.

வரும்போது சென்ட்ரலில் ஆட்டோ பிடிக்காதே. சுரங்கப்பாதை வழியாகப் பார்க் ஸ்டேஷனுக்கு வந்து தாம்பரம் வண்டி ஏறு. மாம்பலத்தில் இறங்கியதும் கூட்டத்தோடு ரங்கநாதன் தெருப் பக்கம் போய்விடாதே; மேற்கு வாசலுக்கு வா. படிக்கட்டின் கடைசிப் படி விளிம்பு உடைந்திருக்கிறது. அங்கேயே நிற்கிறேன், கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

தங்கைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அன்பு நண்பன்